வழக்குரைத்தலும் இளையோரும்: தமிழ்த் துப்பறியும் திரைப்படம் கடந்து வந்த வழி

பொற்கொல்லன் சொல் நம்பப்பட்டது. கோவலன் சொல் கேட்கப்படவே இல்லை. உசாவாது வழங்கிய அத்தீர்ப்பின் விளைவையே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை விரித்துரைக்கிறது. யாருடைய சொல் நம்பப்படுகிறது என்னும் வினா குற்றக் கதைகள் யாவற்றுக்கும் உயிர்நாடி எனலாம்.

தமிழ்த் திரையில் இவ்வகைக் கதை வளர்ந்ததில் சேலத்திற்கும் பங்குண்டு. டி. ஆர். சுந்தரம் 1935இல் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் புதினத்தைத் தழுவி 1950இல் ‘திகம்பர சாமியார்’ படத்தை வெளியிட்டது. எம். என். நம்பியார் பல வேடங்கள் புனைந்து துப்பறிந்த அப்படத்தின் சுவை மாறுவேடத்தில் இருந்தது. 1954இல் ஏவி.எம். தயாரிக்க, எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ பாடலும் ஆடலும் இன்றி வந்தது. கொலையுண்ட வானொலிப் பொறியாளனைப் பற்றிப் பலரும் அளிக்கும் சாட்சியங்களே அதன் கதையாயின. சுவை வேடத்திலிருந்து வாக்குமூலத்திற்கு இடம்பெயர்ந்தது. எனினும் இவை பெரியோர் உலகின் கதைகளே.

பள்ளி வயதினரை நடுவில் நிறுத்திய படங்களுள் அமெரிக்க இயக்குநர் ரியான் ஜான்சனின் ‘பிரிக்’ (2005) குறிப்பிடத்தக்கது. சிறு முதலீட்டில் உருவான அதில், தன் முன்னாள் காதலியின் கொலையை ஒரு மாணவனே துப்பறிகிறான். 2012இல் பாலாஜி சக்திவேல் இயக்கிய ‘வழக்கு எண் 18/9’ இதற்கு நேர்மாறானது. இங்கே இளையோர் துப்பறிவதில்லை, விசாரிக்கப்படுகின்றனர்.

வீட்டு வேலை செய்யும் ஜோதியின் முகத்தில் அமிலம் வீசப்படுகிறது. சாலையோர உணவுக்கடையில் உழைக்கும் வேலுவும், பள்ளி மாணவி ஆர்த்தியும் காவல் ஆய்வாளரிடம் தத்தம் கதையைக் கூறுகின்றனர். இரண்டும் இணையும் இடத்தில், செல்வக் குடும்பத்து மாணவன் தினேஷே குற்றவாளி என்பதும், அமிலம் ஆர்த்தியைக் குறிவைத்தது என்பதும் புலனாகின்றன. மர்மம் அங்கே அவிழ்ந்துவிடுகிறது. கொடுமையோ அங்கேதான் தொடங்குகிறது. உண்மை அறிந்த ஆய்வாளர் கையூட்டுப் பெற்றுக்கொண்டு, ஜோதியின் சிகிச்சைக்குப் பணம் கிடைக்கும் என்று கூறி, வேலுவையே பழியை ஏற்கச் செய்கிறார். அறியாமையால் அன்று, அறிந்தே நேர்ந்த அநீதி இது. பாண்டியன் தன் பிழை உணர்ந்த கணமே உயிர்நீத்தான் என்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

குடும்பக் கடனால் வேலு சிறுவயதிலேயே வடமாநில முறுக்குத் தொழிற்கூடத்திற்கு அனுப்பப்பட்டவன். திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டிகளோடு இளைஞர் பலர் வடக்கே சென்ற வரலாறுடைய இச்சமவெளிக்கு, பிழைப்புக்காக ஊர்விட்டுப் போகும் பிள்ளையின் கதை அயலானதன்று.

புகழ்பெற்ற நடிகர் எவரும் இன்றி உருவான இப்படம் 60ஆம் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப்படமாகத் தேர்வு பெற்றது. கண்ணகி அரசவையில் சிலம்பை உடைத்தாள். தனக்கு நேர்ந்ததை உணர்ந்த ஜோதி, அந்த ஆய்வாளர்மீதே அமிலத்தை வீசுகிறாள். அச்செயலை ஏற்பதா மறுப்பதா என்று தயங்கும் பார்வையாளர், உரிய நேரத்தில் அவளுக்கும் வேலுவுக்கும் நீதி கிடைத்திருப்பின் அவள் கை ஓங்கியிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.