ஒரே ஒரு வாசல்: கமோடோர் 64-க்கு கார்ட்ரிட்ஜ் தேடிய கதை



"மலருக்கு ஏதாவது எழுதுப்பா, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம், நாலு பேர் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே நான் பிறப்பதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்ட ஒரு கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் கமோடோர் 64. என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது. அதன் பின்பக்கம் செருக ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்க நினைத்தேன். எதை வாங்குவது? சின்னக் கேள்விதான். பதில் தேடப் போனால் நாற்பது வருஷச் சரித்திரம் உள்ளே இருக்கிறது.

1982 ஜனவரியில் அமெரிக்காவில் அறிமுகமாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது கமோடோர் 64. சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 6510 ப்ராசசர், 64 கிலோபைட் ராம், 20 கிலோபைட் ரோம். நம் மைக்ரோப்ராசசர் லேபில் 8085 கிட்டின் ஹெக்ஸ் கீகளைத் தட்டியவர்களுக்கு இந்த உலகம் புதிதல்ல. அந்தக் கிட்டுக்கு டி.வி. திரையும் நல்ல பாட்டுச் சத்தமும் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடிக்கும் மேல் விற்றது.

ஆனால் பெரிய குறை ஒன்று இருந்தது. அதன் டிஸ்க் டிரைவ், 1541. உள்ளே தனியாக ஒரு 6502 ப்ராசசர், 2 கிலோபைட் ராம் எல்லாம் உண்டு. இருந்தும் நொடிக்குச் சுமார் 400 பைட்தான் அனுப்பும். 40 கிலோபைட் புரோகிராம் ஏற ஒன்றே முக்கால் நிமிடம் ஆகும்! காரணம் முந்தைய மாடலான விக்-20-இல் இருக்கிறது. அதில் இருந்த 6522 சிப்பின் ஷிப்ட் ரெஜிஸ்டரில் கோளாறு. எனவே பிட் பிட்டாக சாஃப்ட்வேர் மூலம் அனுப்பும் வழிக்குப் போனார்கள். கமோடோர் 64-இல் வீடியோ சிப் அவ்வப்போது ப்ராசசரை நிறுத்திவிட்டு நினைவகத்தைப் படிக்கும். அந்த நேரத்தில் ஒரு பிட்டும் தவறக்கூடாது என்று வேகத்தை இன்னும் குறைத்தார்கள். ஒரு சிப்பின் கோளாறு அடுத்த மாடலுக்கும் சீதனமாக வந்து சேர்ந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. டிஸ்கில் என்ன இருக்கிறது என்று பட்டியல் பார்க்க வேண்டுமென்றால், அந்தப் பட்டியலையே ஒரு புரோகிராம் மாதிரி லோட் செய்யவேண்டும். நீங்கள் அரை மணி நேரம் தட்டிய பேசிக் புரோகிராம் நினைவகத்தில் இருந்தால், போச்சு!

இந்தக் குறைகளைத் தீர்க்கப் பிறந்தவைதான் கார்ட்ரிட்ஜ்கள். இயந்திரத்தின் பின்னால் 44 முனைகள் கொண்ட வாசல் ஒன்று இருக்கிறது. முகவரிக் கம்பிகள், டேட்டா கம்பிகள், இன்டரப்ட் கம்பிகள் எல்லாம் நேராக வெளியே வருகின்றன. 'கேம்', 'எக்ஸ்ரோம்' என்று இரண்டு கம்பிகள். கார்ட்ரிட்ஜ் இவற்றை கிரவுண்டுக்கு இழுத்தால் இயந்திரத்தின் மெமரி மேப்பே மாறிவிடும். வந்த விருந்தாளி வீட்டுச் சாவியையே கையில் வாங்கிக்கொள்வது மாதிரி!

1984-இல் அமெரிக்காவின் எபிக்ஸ் நிறுவனம் 'ஃபாஸ்ட் லோட்' கொண்டுவந்தது. டிரைவின் 2 கிலோபைட் ராமுக்குள் தன் சொந்தப் புரோகிராமை அனுப்பி, வேகத்தைச் சுமார் ஐந்து மடங்கு ஆக்கியது. ஒன்றே முக்கால் நிமிடம் இருபது நொடியானது. வேலை முடிந்ததும் ரோமை மறைக்க ஒரு சாதாரண கெபாசிட்டர் வைத்த யுக்தி எனக்கு மிகவும் பிடித்தது. கெபாசிட்டர் சார்ஜ் ஆனால் ரோம் மறைந்துவிடும், அவ்வளவுதான்.

அடுத்து வந்தவை பல வேலை பார்க்கும் கார்ட்ரிட்ஜ்கள். பிரிட்டனில் டேடல் நிறுவனத்தின் 'ஆக்ஷன் ரீப்ளே', 1987-இல் நெதர்லாந்திலிருந்து 'ஃபைனல் கார்ட்ரிட்ஜ் 3', கனடாவிலிருந்து 'சூப்பர் ஸ்னாப்ஷாட்'. வேக லோடர், டிஸ்க் கட்டளைகள், மெஷின் கோடு மானிட்டர் எல்லாம் ஒரே பெட்டியில். இவற்றின் நட்சத்திர அம்சம் 'ஃப்ரீஸ்' பட்டன். 8085-இல் டிராப் இன்டரப்ட் ஞாபகம் இருக்கிறதா? தடுக்கவே முடியாதது என்று வைவாவில் கேட்பார்களே, அதே ஜாதிதான். பட்டனை அழுத்தினால் தடுக்க முடியாத இன்டரப்ட் ஒன்று போகும். அதே கணத்தில் மெமரி மேப்பும் மாற, ப்ராசசர் அடுத்து எங்கே போவது என்பதைக் கார்ட்ரிட்ஜின் ரோமிலிருந்து படிக்கும். ஓடிக்கொண்டிருந்த விளையாட்டு சிலையாக நிற்கும். அதை அப்படியே டிஸ்கில் சேமிக்கலாம்.

இதில்தான் தகராறு. காப்பிப் பாதுகாப்பு போட்ட விளையாட்டையும் இப்படிச் சேமிக்கலாம் அல்லவா? விற்றவர்கள் சொந்த உபயோகத்துக்கான பிரதி என்றார்கள், விளையாட்டு எழுதியவர்கள் திருட்டு என்றார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. அன்று பலருடைய வருமானத்தில் கைவைத்த அதே பட்டன், மூல டிஸ்க் கெட்டுப்போன பிறகு புரோகிராமைக் காப்பாற்றவும் உதவியது.

சரி, எல்லாவற்றையும் வாங்கிச் செருகலாமே என்றால் வாசல் ஒன்றுதான். பல வாசல் பலகைகள் கிடைத்தன, ஆனால் முகவரிச் சண்டையை அவை தீர்க்காது. ஆக்ஷன் ரீப்ளே பயன்படுத்தும் அதே முகவரிப் பகுதியில்தான் கமோடோரின் சொந்த ராம் விரிவாக்கமும் உட்கார்ந்திருக்கிறது. ஒரே பஸ் சீட்டில் இரண்டு பேர் துண்டு போட்ட கதை. தரத்திலும் வித்தியாசம் உண்டு. ஆக்ஷன் ரீப்ளே 6-க்குச் சொந்தமாக 8 கிலோபைட் ராம், சூப்பர் ஸ்னாப்ஷாட் 5-க்கு 32 கிலோபைட். ஃபைனல் கார்ட்ரிட்ஜ் 3-க்கு 64 கிலோபைட் ரோமும் ஜன்னல்கள் திறக்கும் அழகான திரையும் உண்டு, சொந்த ராம் மட்டும் கிடையாது. இயந்திரத்தை உறையவைத்துவிட்டுத் தன் வேலைக்கு அதன் நினைவகத்திலேயே இடம் தேடவேண்டும்.

கமோடோர் நிறுவனம் 1994 ஏப்ரலில் மூழ்கியது. கார்ட்ரிட்ஜ்கள் நிற்கவில்லை! 1 மெகாபைட் ஃப்ளாஷ் கொண்ட 'ஈஸிஃப்ளாஷ்' வந்தது. நெதர்லாந்து எஞ்சினியர் கிடியன் ஸ்வெய்ட்சரின் 'அல்டிமேட்' வரிசை வந்தது. அதில் ஒரு எஃப்.பி.ஜி.ஏ. சிப் 1541 டிரைவையே கடிகாரத் துடிப்பு பிசகாமல் நடித்துக்காட்டும். 16 மெகாபைட் வரை கூடுதல் ராம் கொடுக்கும். பழைய கார்ட்ரிட்ஜ்களின் வேஷத்தையும் போடும். இன்னொரு பக்கம் 'குங்ஃபூ ஃப்ளாஷ்'. 168 மெகாஹெர்ட்ஸ் ஏ.ஆர்.எம். மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று, 6510 கேட்கும் முகவரிக்கு அரை மைக்ரோசெகண்டுக்குள் சாஃப்ட்வேரிலேயே பதில் சொல்கிறது. சர்க்யூட், புரோகிராம் இரண்டும் யாவருக்கும் திறந்தவை. ஆனால் சொந்த வேக லோடர் வைத்திருக்கும் டிஸ்க் விளையாட்டுகள் இதில் ஓடாது.

அப்படியானால் எதை வாங்குவது? உங்களுக்கு எந்தக் குறை தீரவேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் யோசனை. எண்பதுகளின் அனுபவம் வேண்டுமா? அசல் 1541-ம் ஆக்ஷன் ரீப்ளேயும் போதும். எந்த டிஸ்க் விளையாட்டும் தடங்கலின்றி ஓடவேண்டுமா? செலவைப் பார்க்காமல் அல்டிமேட் வாங்குங்கள். நான் எடுத்தது குங்ஃபூ ஃப்ளாஷ். வசதி குறைவுதான், சர்க்யூட் படம் கையில் இருக்கிறது. பத்து வருஷம் கழித்துக் கெட்டாலும் நானே உட்கார்ந்து பார்க்கலாம். அல்டிமேட்காரர்கள் சண்டைக்கு வந்தால், வரட்டும்!

எதை வாங்கினாலும் ஒரு எச்சரிக்கை. முதலில் மல்டிமீட்டரை எடுத்துப் பவர் சப்ளையைப் பாருங்கள். பழைய சப்ளைகள் கெடும்போது 5 வோல்ட் மேலே ஏறி ராம் சிப்புகளைச் சுட்டுவிடும். கார்ட்ரிட்ஜைச் செருகுவதும் எடுப்பதும் ஸ்விட்சை அணைத்த பிறகே.

கடைசியாக, இந்தத் தேடலில் நான் தெரிந்துகொண்டது. 1982-இல் கமோடோர் வெளியிட்ட 'புரோகிராமர்ஸ் ரெஃபரன்ஸ் கைடு' புத்தகத்தில் அந்த 44 முனைகளின் விவரமும் இயந்திரத்தின் சர்க்யூட் படமும் அச்சாகியிருந்தன. கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத, அன்று பிறந்தே இராதவர்கள்கூட இன்று அதற்குப் புது உறுப்பு செய்ய முடிகிறதென்றால், அந்தத் திறந்த வாசலும் அந்தப் பக்கங்களும் முக்கியக் காரணம். நம்மில் பலர் இன்று ஏதோ ஒரு பொருளை டிசைன் செய்துகொண்டிருக்கிறோம். ஸ்க்ரூவை மறைத்து, கனெக்டரை ஒட்டி, டாக்குமெண்டைப் பூட்டி வைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். அந்த மீட்டிங்கில் ஒரே ஒரு வாசலையாவது திறந்து வையுங்கள் என்று வாதாடிப் பாருங்கள். அதை யார் வந்து பயன்படுத்துவார்கள் என்று நமக்குத் தெரியாமலே போகலாம், பரவாயில்லை.