பெயர் பெற்ற தேறல்

சுவையை ஆறு என வகுத்த நம் முன்னோர், அவற்றுள் துவர்ப்பிற்கும் ஓர் இடம் தந்தனர். கடுக்காயிலும் பாக்கிலும் வாழைப்பிஞ்சிலும் நாம் அறிந்துள்ள அச்சுவையை மேலைநாட்டு அறிவியலார் தனிச் சுவையாகக் கொள்வதில்லை. வாயில் தோன்றும் ஓர் ஊற்றுணர்வு என்பர். ஆயினும், அத்துவர்ப்பையே உயிராகக் கொண்டு, ஆண்டுகள் பல காத்திருந்து அதனைக் கனிவிக்கும் உழவர் இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் மாநிலத்தில் வாழ்கின்றனர். அவர்தம் செந்நிறத் திராட்சைத் தேறலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம் மதுவைப் பற்றி ஆராய்வதா என்று சிலர் வினவலாம். குடியைப் புகழ்வது நம் கருத்தன்று. ஒரு கலத்துத் தேறலில் ஒரு நாட்டின் உழவர் வாழ்வும் தங்கியிருக்கும் என்பதே நம் கருத்து. யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் உண்டதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் குறித்துள்ளார். 1945-இல் அரிக்கமேட்டை அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், அங்கே உரோமானியர் தேறல் நிரப்பும் சாடிகளின் உடைந்த ஓடுகளைக் கண்டெடுத்தார். பாட்டு யவனரைக் குறிக்கின்றது; மன்னனையும் குறிக்கின்றது. அத்தேறலுக்காகக் கொடி வளர்த்த உழவன் யார் என்பதை அது கூறவில்லை. உழவன் பெயர் கலத்தின்மேல் ஏறுவதற்கு நெடுங்காலம் செல்ல வேண்டியிருந்தது. அது நிகழ்ந்த ஊர்களுள் ஒன்றே பார்பரெஸ்கோ.

ஆல்பா நகருக்கு அணித்தே, தானாரோ ஆற்றின் மேல் எழும் குன்றில் அமைந்த சிற்றூர் அது. சுண்ணாம்பு கலந்த களிமண் சரிவுகளில் நெபியோலோ என்னும் திராட்சை விளைகின்றது. மூடுபனியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று இப்பெயர் தோன்றியது என்பர். அக்டோபர்த் திங்களில், பள்ளத்தாக்குகளில் பனி படரும் பொழுதில் இதன் குலைகள் முதிர்கின்றன. குளிர்காலத்தில் எந்தச் சரிவில் பனி முதலில் உருகுகின்றதோ அதுவே நெபியோலோவிற்கு ஏற்ற நிலம் என்பது அவ்வுழவர் கண்டறிந்த நிலநூல்.

இத்தேறலைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி நோக்கினால், நிறம் அத்துணை ஆழமாக இராது. மாதுளைச் சாறு போன்ற சிவப்பு, ஆண்டு ஏற ஏற விளிம்பில் செங்கல் நிறம் கொள்ளும். முகர்ந்தால் ரோசா மலரின் மணமும், அதனோடு சற்றும் பொருந்தாததுபோல் தோன்றும் தாரின் மணமும் ஒருங்கே எழும். வாயில் இட்டதும் புளிப்பு முன்னே வர, துவர்ப்பு பின்னே வந்து நாவையும் ஈறுகளையும் பற்றிக்கொள்ளும். பழத்தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்னும் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு இணைவதே இதன் காரணம். கடுந்தேநீர் பருகும்போது நாம் உணர்வதும் இதுவே. இளந்தேறலில் இத்துவர்ப்பு முரட்டுத்தனமாக இருக்கும். காலம் செல்லச் செல்ல மென்மையுறும். எனவே, குறைந்தது 26 திங்கள் கழிந்த பின்னரே பார்பரெஸ்கோ விற்பனைக்கு வரவேண்டும் என்பது இன்றைய விதி.

காத்திருத்தல் செல்வர்க்கு எளிது. ஏழை உழவனுக்கு அரிது. இவ்வூர் வரலாற்றின் முடிச்சு இங்கேதான் உள்ளது. சிறு நிலம் உடையவனிடம் பெரிய மரப்பீப்பாய்களும் இல்லை, நிலவறையும் இல்லை. கொய்த பழத்தை ஆல்பா சந்தைக்கு வண்டியில் ஏற்றிச் சென்று, தரகர் கூறிய விலைக்கு விற்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. மாலைக்குள் விற்காவிடில் பழம் கெடும் என்பதைத் தரகரும் அறிவர். பார்பரெஸ்கோவில் விளைந்த பழம் அண்டையூரான பரோலோவின் தேறலாகவோ, ஊர்ப்பெயரற்ற நெபியோலோவாகவோ விற்கப்பட்டது. உழைத்தவன் பெயர் மட்டுமன்று, ஊரின் பெயரே மறைந்து நின்றது.

இந்நிலையை முதலில் மாற்ற முயன்றவர் டொமீசியோ கவாட்சா. ஆல்பாவில் 1881-இல் நிறுவப்பட்ட அரசத் தேறலியல் பள்ளியின் தலைவராக விளங்கிய அவர், 1894-இல் உழவர் ஒன்பதின்மரை ஒன்று கூட்டி, பார்பரெஸ்கோவில் தமக்கு உரிமையாயிருந்த கோட்டையில் கூட்டுறவுத் தேறற்சாலை ஒன்றைத் தொடங்கினார். அண்டை நிலங்களில் விளைந்த பழத்தினின்று இத்தேறல் வேறுபட்டது என்பதை உணர்ந்து, அதற்கு ஊரின் பெயரையே சூட்டினார். 1913-இல் அவர் மறைந்தார். பின்னர் எழுந்த பாசிச ஆட்சியின் பொருளியல் விதிகளால் கூட்டுறவுச் சாலையும் மூடப்பட்டது. உழவர் மீண்டும் சந்தைக்கே திரும்பினர்.

அடுத்துப் போர் வந்தது. 1944-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் நவம்பர் 2 வரை ஆல்பா நகரை விடுதலைப் படையினர் தம் கையில் வைத்திருந்தனர். அந்த 23 நாட்களைத் தலைப்பாகக் கொண்ட கதைத் தொகுதியை 1952-இல் வெளியிட்டார் அந்நகரின் எழுத்தாளர் பெப்பே பெனோலியோ. 1954-இல் வந்த அவருடைய 'லா மலோரா' என்னும் குறுநாவல், வறுமையால் வேறொருவர் பண்ணைக்கு வேலையாளாக அனுப்பப்படும் இளைஞனின் கதை. செசாரே பவேசேயின் 'நிலவும் சொக்கப்பனையும்' எனத் தமிழில் பெயர்க்கத்தக்க நாவல் 1950-இல் வெளிவந்தது. அதுவும் இக்குன்றுகளின் வறுமையையும் போரின் வடுக்களையும் பேசுகின்றது. அந்நாளில் தேறலின் புகழை நாடி இங்கு வந்தோர் சிலரே. ஊரை நீங்கித் தொழிற்சாலைகளை நாடிச் சென்றோரோ பலர். போருக்குப்பின் ஆல்பாவிலும் தூரினிலும் பெருகிய ஆலைகள் இளைஞரை ஈர்த்தன. கொடிகளைப் பேண முதியோரே எஞ்சினர்.

அப்பொழுது, 1958-இல், பார்பரெஸ்கோ ஊரின் பங்குத்தந்தை பியோரினோ மரெங்கோ சிற்றுழவர் பத்தொன்பதின்மரை அழைத்து, ஒன்றுபட்டாலன்றி ஊரில் நிலைக்க இயலாது என்பதை உணர்த்தினார். கூட்டுறவு மீண்டும் பிறந்தது. முதல் மூன்றாண்டுத் தேறலும் திருக்கோயிலின் நிலவறையிலேயே உருவாயிற்று. பின்னர்க் கோயிலுக்கு எதிரிலேயே தனிச் சாலை எழுந்தது. 1966-இல் பார்பரெஸ்கோ என்னும் பெயர் சட்டக் காப்புப் பெற்றது. 1980-இல் அதனினும் உயர்ந்த நிலையை எய்தியது.

இக்கூட்டுறவின் அடிப்படை எளியது. உறுப்பினர் தம் நெபியோலோப் பழத்தைப் பொதுச் சாலைக்கே தருதல் வேண்டும். பழத்தின் தரத்திற்கேற்ப விலை பெறுவர். நல்ல பழத்தைத் தனக்கு வைத்துக்கொண்டு எஞ்சியதைப் பொதுவிற்கு அளிக்கும் வழக்கம் இதனால் ஒழிந்தது. 1967-ஆம் ஆண்டு விளைச்சல் முதல், சிறந்த ஆண்டுகளில், தனித்தனிச் சரிவுகளின் தேறல் தனித்தனியே புட்டியில் அடைக்கப்படலாயிற்று. அசிலி, ரபயா, ஓவெல்லோ, மொந்தேஸ்தெபனோ எனச் சரிவின் பெயர் அட்டையில் ஏறியது. அந்நிலத்து உழவர் பெயர்களும் ஏறின. சந்தையில் தலைகுனிந்து நின்றவரின் பெயரை இன்று உலகம் படிக்கின்றது. இன்று ஏறத்தாழ 50 குடும்பங்கள், ஏறத்தாழ 100 ஹெக்டேர் நிலத்தை இம்முறையில் பேணுகின்றன.

பெயரின் மதிப்பை நாடு முழுவதும் உணர்ந்தது ஒரு கொடிய நிகழ்ச்சியால். 1986-இல் மலிவுத் தேறலில் மெத்தனால் என்னும் நஞ்சு கலக்கப்பட்டதால் இத்தாலியில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எங்கு விளைந்தது, யார் செய்தது என்னும் வினா அதன்பின் வலுப்பெற்றது. அளவைக் குறைத்துத் தரத்தைப் போற்றிய சிற்றுழவர்க்குக் காலம் கனிந்தது. 2014-இல் இப்பகுதித் தோட்ட நிலக்காட்சிகளை யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது.

புகழும் தன் விலையைக் கேட்கின்றது. நிலமதிப்பு உயர்ந்தமையால், தந்தையின் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் மக்களுள் ஒருவர் மற்றவர் பங்கை வாங்கி உழவைத் தொடர்வது அரிதாகின்றது. வெப்பம் மிகுதலால் அறுவடையும் முந்துகின்றது. பனி முதலில் உருகும் சரிவே சிறந்தது என்னும் பழைய அறிவையும் மீண்டும் ஆராய வேண்டியுள்ளது. வறுமையை வென்றவர் வளத்தின் சோதனையையும் வெல்வரா என்பதை வருங்காலமே கூறும்.

எனினும், ஓர் உண்மை நமக்குத் தெளிவாகின்றது. அவ்வூர் மண் கவாட்சாவிற்கு முன்னும் அதே மண்தான். பழமும் அதே பழந்தான். காத்திருக்கும் வலிமை தனியொருவனுக்கு இல்லாதபோது, பலர் கூடி அதனைப் படைத்துக்கொண்டனர் என்பதே அங்கு நேர்ந்த மாற்றம். துவர்ப்பு கனிவதற்குக் காலம் வேண்டும். அக்காலத்தை உழவனுக்கு ஈந்தது கூட்டுறவு. நெல்லாயினும் கரும்பாயினும், விளைத்தவனே விலை கூற இயலாத நிலை உள்ள நாடு எதுவாயினும், பத்தொன்பது உழவர் ஒரு கோயில் நிலவறையில் தொடங்கிய இச்செயல் எண்ணிப் பார்க்கத்தக்கதாகும்.