வறட்டிப் புடமும் சிவப்பு மாத்திரையும்

கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தில் என் கையால் அதிகம் கொடுத்த மருந்து இரும்புச்சத்து மாத்திரை. அதற்குள் இருப்பது ஃபெரஸ் சல்ஃபேட், அதாவது நாட்டு மருந்துக் கடையில் பச்சைக் கற்கண்டாகக் கிடைக்கும் அன்னபேதி. எனக்கு முன்பே, இதே செட்டிகுளத்தில், அம்மாவைப் பெற்ற தாத்தா அதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பங்குனி உத்திரத்துக்குக் கரும்பேந்திய முருகனைப் பார்க்க மலையேறும் வெளியூர்ப் பெண்களில் பாதி வழியில் மூச்சிரைத்து உட்காருபவர்களை, இறங்கும்போது அவரிடம் கூட்டி வருவார்கள். கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்ப்பார். வெளுத்திருந்தால் பாண்டு என்பார், அதாவது சோகை.

அன்னபேதியை அவர் பச்சையாகக் கொடுத்ததே இல்லை. குடலை அரிக்கும் என்பார். எலுமிச்சைச் சாறு விட்டுக் கல்வத்தில் அரைத்து, வில்லை தட்டி வெயிலில் காய வைத்து, அகலில் அடுக்கி, மேலே இன்னொரு அகல் கவிழ்த்து, விளிம்பை மண் தோய்த்த துணியால் மூடிச் சீலைமண் செய்வார். வறட்டி அடுக்கித் தீ மூட்டியதும் மூக்கைச் சுடும் ஒரு நெடி கிளம்பும். குழந்தைகளைத் தெருக்கோடிக்கு விரட்டிவிடுவார்கள். பச்சை உப்பிலிருந்து கந்தகப் புகை போய்விட, மிஞ்சுவது அன்னபேதிச் செந்தூரம் என்னும் செங்கல் நிறத் தூள், பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். ரேகைக்குள் இறங்க வேண்டும், தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். இல்லையென்றால் மறுபடி அரைப்பு, மறுபடி புடம். வேளைக்கு ஒரு குன்றிமணி எடை, தேனில் குழைத்து.

இரும்பு உருக்கிய இடங்களில் கிடக்கும் கிட்டத்தையும் மண்டூரம் என்று நம் வைத்தியம் மருந்தாக்கியிருக்கிறது. நூறு வருஷம் மண்ணில் கிடந்த கிட்டமே உசத்தி என்பது பழைய கணக்கு. உலைக்காரன் தூக்கி எறிந்ததை வைத்தியன் தேடிப்போய் எடுத்து வந்திருக்கிறான்.

சீமையிலும் இதே கதைதான். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து வைத்தியர் சிடன்ஹாம் இரும்புத் தூளை ஒயினில் ஊறப்போட்டு வெளுத்த பெண்களுக்குக் கொடுத்தார். 1832இல் பிரான்சில் பிளோ என்பவர் ஃபெரஸ் சல்ஃபேட்டையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் சேர்த்து மாத்திரை உருட்டினார். உப்பாகக் கொடுக்கும் இரும்பு உடம்பில் சேருமா என்று படித்த டாக்டர்களே அறுபது வருஷம் சண்டை போட்டார்கள். 1893இல் ஸ்டாக்மன் அதை ஊசி வழியாகவும் கொடுத்துக் காட்டிய பிறகுதான் வாய் அடங்கியது.

ஆனால் இரும்பு கொடுத்தும் தேறாத கர்ப்பிணிகள் இருந்தார்கள். அந்த முடிச்சு அவிழ்ந்தது நம் நாட்டில். 1928இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் அம்மையார், ஆலைத் தொழிலாளிப் பெண்களின் சோகையை ஆராய்ந்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931 வாக்கில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தார். ஈஸ்ட் சாறான மார்மைட் கொடுத்ததும் அந்தப் பெண்கள் தேறினார்கள். அதிலிருந்த பொருள்தான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. 1970இல் மத்திய அரசு சோகைத் தடுப்புத் திட்டம் கொண்டுவந்தபோது கர்ப்பிணிக்கான மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்போடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருந்தது. இரும்பு பின்னால் 100 ஆகி, 2018க்குப் பிறகு மறுபடி 60க்கே வந்தது. 60 மில்லிகிராம் இரும்பு என்றால் ஏறக்குறைய 300 மில்லிகிராம் பச்சை அன்னபேதி. தாத்தா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்க்க சாலி கருவிதான். விரலில் குத்தி, குழாயில் உறிஞ்சி, நீர்த்த அமிலத்தில் விட்டால் ரத்தம் பழுப்பாகும். பக்கத்திலிருக்கும் பழுப்புக் கண்ணாடியின் நிறம் வரும்வரை காய்ச்சி வடித்த நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். மேகம் போட்டால் ஒரு கிராம் கூடக்குறையத் தெரியும். சின்ன வெங்காயம் நடவிலிருந்து நேரே வந்த பெண்கள், நகக்கண்ணில் செம்மண்ணோடு, விரலை நீட்டுவார்கள். ஏழு, ஏழரை வெகு சாதாரணம். வெறுங்காலோடு ஈர வயலில் நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு வேறு. அதைப் போக்காமல் இரும்பு கொடுத்தால் பாதி புழுவுக்குப் போகும்.

மாத்திரையை வாங்கிக்கொள்வார்கள். சாப்பிடுவது வேறு விஷயம். "நர்சம்மா, இதப் போட்டா வெளிக்குக் கறுப்பாப் போவுது" என்பாள் மருமகள். "புள்ள கறுத்துப்புடும்ங்க" என்பாள் மாமியார். ஒரு வீட்டில் வெங்காயப் பட்டறையின் கீற்றிடுக்கில் மொத்த மாத்திரையும் மடித்துச் செருகியிருந்தது. அந்த வீட்டுப் பெண் மீது எனக்குக் கோபம் வரவில்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது, சோற்றோடு போட்டால் சரியாகச் சேர்வதில்லை, போட்ட கையோடு டீ குடித்தால் அதுவும் வீண். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அன்னபேதியும் கடுக்காயும் கலந்து தாத்தா கணக்கெழுத மை காய்ச்சுவார். அந்த மை கறுப்பதும் இதே வேலையால்தான்.

அளவில் மாத்திரைதான் கெட்டி. வாசனையோ பெருமையோ பார்த்து நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். புடம் போட்ட ஆக்சைடு எளிதில் கரைவதில்லை, குன்றிமணி எடையில் உடம்பில் சேர்வது கொஞ்சம். ஆனாலும் தாத்தாவிடம் வந்தவர்களில் பலர் தேறினார்கள். ஒரு காரணம் எனக்குப் பிடிபடுகிறது. காலையில் அவர் திண்ணைக்கே வரச் சொல்லி, தேனில் குழைத்ததைக் கண்ணெதிரே நாக்கில் தடவுவார். முருங்கைக் கீரை சமைத்தாயா என்று கேட்காமல் அனுப்ப மாட்டார். நாங்கள் 100 மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனோம்.

2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. அண்மையில் தமிழ்நாட்டில் வளரிளம் பெண்களுக்கு அன்னபேதிச் செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம் நான்கும் 45 நாள் கொடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் கூடியதாகச் சித்த மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். தொடங்கியவர்கள் 2,648 பேர், முடித்தவர்கள் 2,300. நான் முதலில் பார்த்தது அந்த இரண்டாவது எண்ணைத்தான். மாத்திரை எத்தனை கொடுத்தோம் என்று எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் இருந்தது. விழுங்கியது எத்தனை என்று எழுதக் கட்டம் கிடையாது.