‘இமையோர்’ – சொல்லும் பொருளும்

‘இமையோர்’ என்பது ‘இமையார்’ என்னும் எதிர்மறைப் பெயரின் செய்யுள் வடிவம், ஆகாரம் ஓகாரமாயிற்று. இமை கொட்டாதவர் என்பது நேர்பொருள். வடமொழியில் இதற்கு நிகரான சொல் ‘அநிமிஷர்’. திருக்குறள் 906ஆம் பாவில் ‘இமையார்’ என்பது தேவர்க்குப் பெயராய் நின்றது.

பழைய வழக்கில் இமையாமை ஓர் உடற்குறியே. மஹாபாரதம் வனபர்வத்தில், நளனுருக் கொண்டு நின்ற தேவர் நால்வரினின்றும் நளனைத் தமயந்தி பிரித்தறிந்த அடையாளங்களுள் இதுவும் ஒன்று. வியர்வாமை, மாலை வாடாமை, கால் நிலந்தோயாமை என்பவற்றோடு இஃது எண்ணப்பட்டது. எதனைக் காண்கின்றனர் என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை.

திருவிருத்தத்தின் முதற்பாட்டில் நம்மாழ்வார் எம்பெருமானை இமையோர் தலைவனாக விளிக்கிறார். பூர்வாசார்யர்கள் இவ்விடத்து இந்திராதி தேவர்களைக் கொள்ளாது நித்யஸூரிகளையே கொண்டனர். விஷ்ணுவின் பரமபதத்தை ஸூரிகள் எப்பொழுதும் கண்டிருப்பதாக ருக்வேதம் (1.22.20) ஓதுகின்றது. தேவர்க்கு இமையாமை உடலின் இயல்பு. நித்யஸூரிகளுக்கோ அநுபவத்தின் இயல்பு.

இவ்வேறுபாட்டால் பாட்டின் கருத்தே ஆழமாகின்றது. அது பிறவித்தொடர்பை அறுக்க வேண்டிச் செய்யும் விண்ணப்பம். தேவர் தலைவன் என்று கொண்டால் விளி பெருமை கூறும் அளவில் நின்றுவிடும். நித்யஸூரிகள் தலைவன் என்று கொண்டாலோ, ‘இடையறாது காண்பாரை உடைய நீ, காணப்பெறாத அடியேன் சொல்லையும் கேட்டருளவேண்டும்’ என்னும் ஆர்த்தி வெளிப்படும். இமையுடையார் படும் இத்துயரையே ஸ்ரீமத் பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் கோபியர் வாயிலாகக் காட்டும். கண்ணனைக் காண்கையில் இடையிடும் இமையைப் படைத்தவனை அவர்கள் பழிக்கின்றனர்.

இச்சொல் எம்பெருமானுக்கும் உரியது. ஸ்ரீவிஷ்ணுஸஹஸ்ரநாமத்தில் ‘நிமிஷ:’, ‘அநிமிஷ:’ என்னும் திருநாமங்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஸ்ரீபராசர பட்டர் பகவத்குணதர்பணத்தில் இவற்றை மத்ஸ்யாவதாரத்தில் வைத்து, அடியார் விரோதிகளைக் கடாக்ஷியாது கண்மூடியிருப்பவன் என்றும், அடியார் திறத்தில் இமையாதவன் என்றும் பொருள் அருளிச்செய்தார். மீனுக்கு இமைப்பில்லை, மீன் தன் பார்வையாலேயே குஞ்சுகளைப் பேணும் என்பதும் கவிமரபு.

ஆகவே, தேவர்தம் உடற்குறியாய்த் தொடங்கிய சொல், நித்யஸூரிகளின் பேற்றைக் காட்டி, முடிவில் எம்பெருமானின் ரக்ஷகத்வத்தைச் சொல்வதாயிற்று. இமையோர்க்கு அவனைக் காண்பது பேறு. இமைக்கும் நமக்கு அவன் இமையாமையே தஞ்சம்.