கந்தளாய்க் குளக்கட்டு உடைந்த இரவு

1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் நான் அப்போது பணியாற்றிய பத்திரிகை அலுவலகத்துக்குக் காலையில் வந்த தொலைபேசிச் செய்தி ஒரே வரியில் முடிந்துவிட்டது: கந்தளாய்க் குளம் உடைத்துவிட்டது. ஆசிரியபீடத்தில் எழுந்த முதற் கேள்வி, "யார் வைத்த குண்டு?" என்பதே. திருகோணமலை மாவட்டத்தில் எது உடைந்தாலும் அப்படிக் கேட்கப் பழகியிருந்த காலம் அது. கேட்டவர்களில் நானும் ஒருவன்.

குண்டு எதுவும் இல்லை. அதிகாலை மூன்று மணியளவில், கட்டின் கீழே குடியிருந்த மக்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, மண் விலகித் தண்ணீர் வெளியேறியது. இறந்தோர் தொகை 120இலிருந்து 180 வரை எனக் கணக்குகள் வேறுபடுகின்றன. 1,600க்கும் அதிகமான வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் நெல்வயல் பாழாயிற்று. 8,000க்கு மேற்பட்ட குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. போரின் செய்திகளுக்கு நடுவே இந்தத் துயரம் சில நாட்களிலேயே உட்பக்கங்களுக்குச் சென்று பின்னர் மறைந்தும் போனது. அதை மறைத்தவர்களில் எங்களுக்கும் பங்குண்டு.

கந்தளாய் சாதாரணக் குளமன்று. ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டுவித்தான் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறுவது. குளக்கோட்ட மன்னன் பூதங்களைக் கொண்டு கட்டுவித்தான் என்பது கோணேசர் கோயிலோடு பிணைந்த தமிழ் ஐதிகம். சோழர் காலத்தில் இவ்வூர் சதுர்வேதிமங்கலமாக விளங்கியமைக்குச் சாசனச் சான்று உண்டு. எவர் கட்டினார் என்று வாதிட நம்மவர்கள் இரு பக்கத்திலும் நிறைய மை செலவழித்திருக்கிறோம். கட்டியதை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு அதிற் பத்திலொரு பங்கு மையையேனும் செலவழித்தோமா என்பது ஐயம்.

சுமார் 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் கொண்ட மண்கட்டு அது. மண்கட்டைப் பற்றி நான் பின்னாளில் நீர்ப்பாசனப் பொறியியலாளர்களிடம் கேட்டறிந்த முதற் பாடம், எந்த மண்கட்டும் முற்றாகத் தண்ணீரைத் தடுப்பதில்லை என்பது. சிறிதளவு நீர் மண்ணினூடாகக் கசிந்தே தீரும். அக்கசிவு தெளிவாக இருக்கும்வரை பெரும்பாலும் அச்சமில்லை. கலங்கத் தொடங்கினால், கட்டின் உள்ளேயிருந்து மண் துகள்கள் அள்ளப்படுகின்றன என்பது பொருள். வெளியே கைவிரல் அளவாகத் தெரியும் துளை உள்நோக்கி அரித்துக்கொண்டே போய் அலைகரையை எட்டிவிட்டால், பிறகு எவராலும் நிறுத்த முடியாது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் புதிதாகக் கட்டப்பட்ட டீட்டன் அணை 1976 யூன் 5ஆம் திகதி இவ்வாறே போயிற்று. காலையில் கசிவு பெருகுவதைக் கண்டு புல்டோசர்களை அனுப்பினார்கள். நண்பகலுக்குள் அணையே இல்லை. அது பட்டப்பகலில் நடந்ததால் மக்களை வெளியேற்ற முடிந்தது, இறந்தோர் பதினொருவர். கந்தளாய் மக்களுக்கு அந்தப் பகல் கிடைக்கவில்லை.

மற்றோர் அபாயம், வெள்ளம் கட்டின் மேலால் வழிவது. கருங்கல் அணையின் மேலாகத் தண்ணீர் சிறிது நேரம் பாய்ந்தாலும் அது நிற்கக்கூடும்; மண்கட்டு கரைந்துவிடும். ஆகவேதான் வான் இருக்கிறது. வானில் செடிகொடி மண்டினாலோ, அதிக நீர் சேமிக்கும் ஆசையில் மண்மூட்டை அடுக்கினாலோ, வெள்ளம் தனக்கென வேறு வழி தேடும். கறையான் புற்றும், எலி வளையும், கட்டில் வளர்ந்த மரம் பட்டபின் உக்கிப்போன வேர்களும் தண்ணீருக்கு அப்படி வழி காட்டுபவை.

கந்தளாயில் வழி காட்டியவர்கள் மனிதர்கள். அந்தக் கட்டு தாங்குவதற்கென எண்ணப்படாத பாரத்தை ஏற்றிய கனரக வாகனங்கள் அதன் மேலால் ஓடவிடப்பட்டமை, உடைப்பின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் கூறப்படுகிறது. மாட்டு வண்டிக் காலத்தில் எழுந்த மண்மேடு அது.

முற்காலத்தில் கட்டைப் பேணுவது ஊரின் கடமையாயிருந்தது. புல் செதுக்குவதும், குழி அடைப்பதும், துருசைத் துப்புரவாக்குவதும் குடிக்கு இவ்வளவு என்று பங்கிடப்பட்டன. 1832இல் பிரித்தானியர் இராசகாரிய முறையை ஒழித்தனர். கட்டாய உழைப்பு நீங்கியது நன்மையே. ஆனால் அதனோடு குளத்துக்கான ஊர்க்கட்டுப்பாடும் தளர்ந்தது. பிழையை உணர்ந்துதான் 1856இல் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் கொண்டுவந்து பழைய வழமைகளை மீட்க முயன்றார்கள். 1900இல் நீர்ப்பாசனத் திணைக்களம் உருவாயிற்று. இன்று பெருங்குளங்கள் திணைக்களத்தின் பொறுப்பில். 80 ஹெக்டயருக்கு உட்பட்ட வயல்களுக்கு நீர் தரும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் உரியவை. வன்னியில் குளக்கட்டு ஐயனாரும் சிங்களக் கிராமங்களில் அய்யநாயக்க தெய்யோவும் காவல் நிற்கிறார்கள். ஒரே தெய்வம்தான்.

போர் முடிந்தபின் ஒருமுறை வன்னியில் ஒரு சிறுகுளக் கட்டில் முதியவர் ஒருவரோடு நடந்தேன். கட்டின் அடிவாரத்தில் ஈரமாயிருந்த இடத்தில் குந்தி, கசிந்த நீரை உள்ளங்கையில் ஏந்தி வெயிலில் பிடித்துப் பார்த்தார். "தெளிவாத்தான் கிடக்குது தம்பி" என்றார். எந்தப் பொறியியல் நூலும் அவர் படித்ததில்லை. "உங்களுக்குப் பிறகு ஆர் ஐயா பாக்கிறது?" என்று கேட்டேன். மகன்மார் இருவரும் கனடாவில் என்றார்.

கந்தளாய்க் கட்டு மீண்டும் கட்டப்பட்டது. 2008இல் உலக வங்கியின் கடனுதவியோடு அணைப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றும் தொடங்கி, பெரிய அணைகள் பல திருத்தப்பட்டன. சிறுகுளங்களின் நிலை வேறு. 2011 சனவரி, பெப்ரவரி வெள்ளத்தில் கிழக்கில் அவை வரிசையாக உடைப்பெடுத்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது, அதே திருகோணமலை மாவட்டத்தில், மாவிலாற்றுக் கட்டும் உடைந்தது. செய்தி கேட்டதும் தொலைபேசியில் ஒரு நண்பரை அழைத்தேன். இம்முறை நான் கேட்ட முதற் கேள்வி, அந்தக் கட்டைக் கடைசியாக யார் நடந்து பார்த்தார் என்பது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.