கம்பிச்சடக்கு சேர்த்த ஊர்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் நெடுங்காலம் குடியிருந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், எங்கே தொடங்கினாலும் கடைசியில் நடையில் வந்து நிற்பார்கள். கோவிலுக்கு நடந்தே போகலாம், பள்ளிக்கு நடந்தே போகலாம், ரயிலுக்கும் பூக்கடைக்கும் சீனர் காப்பிக்கடைக்கும் நடந்தே போகலாம். அந்த நடைக்குள் யாழ்ப்பாணத்துச் சைவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோவில் வரும். சிங்களவர் எழுப்பிய பௌத்த விகாரை, தமிழ் லுத்தரன் தேவாலயம், கத்தோலிக்க ஆலயங்கள், தமிழ் முஸ்லிம்களின் தொழுகைக்கூடமான சூராவ், சீனர்களின் மும்மதக் கோவில் எல்லாம் வரும். இத்தனை பேர் இவ்வளவு கிட்டக்கிட்ட வாழும்படி எந்த அரசும் திட்டம் போட்டதில்லை. களிமண்ணும் ரயிலும் சேர்ந்து செய்த காரியம் அது.

முதலில் நெருப்பு. 1881 ஜனவரியில் மூண்ட தீயில் கோலாலம்பூர் நகரமே ஏறக்குறைய அழிந்தது. மரத்தாலும் அத்தாப்புக் கூரையாலும் ஆன வீடுகள். ஒன்றில் பிடித்தது அடுத்ததைத் தொடாமல் விடவில்லை. அதே ஆண்டின் இறுதியில் வெள்ளமும் வந்தது. சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்கள் செங்கல்லும் ஓடும் கொண்டே எழ வேண்டும் என்று 1884இல் உத்தரவிட்டார். அவ்வளவு செங்கல்லுக்கு எங்கே போவது? நகரின் தெற்கே நல்ல களிமண் கிடந்தது. சீனர் தலைவர் கப்பித்தான் யாப் ஆ லோய் காலத்திலும், பின்னால் கப்பித்தானான யாப் குவான் செங் காலத்திலும் அங்கே சூளைகள் எரிந்தன. செங்கல் வயல் என்ற பொருளில் இடத்துக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரும் அப்படியே விழுந்தது. நகரத்தின் முதல் செங்கல் கடைவீடுகளில் பலவும் இந்த மண்ணிலிருந்து போனவையே.

சூளை சீனர்களைக் கொண்டுவந்தது. மற்றவர்களைக் கொண்டுவந்தது கம்பிச்சடக்கு. ரயில்பாதைக்கு மலேசியத் தமிழர்கள் வைத்த பெயர் அது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரை ரயில் ஓடத் தொடங்கியது. ஆற்றின்மேல் பாலம் முடிந்து 1890இல் கிள்ளான் ஊருக்குள்ளேயே வண்டி போய்ச் சேர்ந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது; இன்று அது கிள்ளான் துறைமுகம். ஈயமும் பின்னர் ரப்பரும் இந்தப் பாதையில்தான் கடலுக்குப் போயின. வண்டிகளைப் பிரிப்பதும் கோப்பதும் நிறுத்துவதும் பிரிக்பீல்ட்ஸில் நடந்தன. ரயில்வேயில் வேலை பார்த்தவர்களுக்கு வேலையிடத்தின் அருகிலேயே வீடு தர வேண்டியிருந்தது.

அந்த வேலைகளை வெவ்வேறு ஊர்க்காரர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். தண்டவாளம் போட்டதும், அதைக் காத்ததும், எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டதும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன கூலிகள். கணக்கெழுதவும் தந்தி அடிக்கவும் நிலையம் நடத்தவும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் வேண்டும். அவர்களுக்காகப் பிரிட்டிஷார் யாழ்ப்பாணத்தைப் பார்த்தார்கள். அமெரிக்க மிஷனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியதிலிருந்து அந்தத் தீபகற்பத்தில் ஆங்கிலக் கல்வி வேரூன்றியிருந்தது. படித்தவர்களுக்கு உள்ளூரில் வேலைதான் போதவில்லை. அப்படி மலாயா வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் ஆனார்கள். இலங்கையின் தெற்கிலிருந்து சிங்களவரும் வந்தார்கள். மலையாளிகளும் பஞ்சாபிகளும் வந்தார்கள்.

இவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று எழுதினால் அது உண்மைக்குச் செய்யும் துரோகம். பதவிக்கு ஏற்ற வீடு. அதிகாரிக்குத் தோட்டத்தோடு கூடிய பங்களா, எழுத்தருக்கு அடக்கமான வீடு, கூலிக்கு வரிசை அறை. தமிழுக்குள்ளேயே யாழ்ப்பாணத்தாருக்கும் இந்தியத் தமிழருக்கும் இடையே கோடு இருந்தது. கோவிலும் சங்கமும் தனித்தனி, திருமணம் அறவே தனி. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலில் யாழ்ப்பாணத்து வழிபாட்டு முறை பேணப்பட்டது. 1904இல் தொடங்கிய விவேகானந்தர் ஆசிரமத்துக்கும் இலங்கைத் தமிழர்களே முன்நின்றார்கள். அதன் கட்டடம் 1908இல் எழுந்தது. அதையொட்டித் தமிழ்ப்பள்ளி வளர்ந்தது. ஆனால் கோடு வரைந்தவர்களுக்கும் கிணறும் சந்தையும் தெருவும் ஒன்றுதான். அடுத்தவன் பண்டிகை எந்த நாளில் வருகிறது என்பது பஞ்சாங்கம் பார்க்காமலே தெரிந்தது. பிள்ளைகள் ஒரே திடலில் பந்து விளையாடினார்கள்.

பௌத்த விகாரையின் கதை இதற்கு மிக நல்ல சாட்சி. 1894இல் சிங்களவர் அமைத்த சாசன அபிவிருத்தி வர்த்தன சங்கம் அதை உருவாக்கியது. அரசுப் பணிக்கும் ரயில்வேக்கும் வந்த ஒரு சிறு சமூகம் தன் ஊர்ப் பௌத்தத்தை மறக்காமல் இருக்கக் கட்டிக்கொண்ட இடம். 1952இல் இலங்கையிலிருந்து கே. ஸ்ரீ தம்மானந்தர் வந்து சேர்ந்தார். அப்போது மலாயாவில் அவசரகாலம். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களிடமிருந்து பிரிக்க, காட்டோரம் வாழ்ந்த சீனக் குடும்பங்களை அரசு வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. தம்மானந்தர் அந்தக் கிராமங்களுக்குப் போய்ப் பேசினார். பிறகு எளிய ஆங்கிலத்தில் எழுதிக் குவித்தார். ஆங்கிலம் படித்த சீனர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 2006இல் அவர் மறைந்தபோது, சிங்களவர் கட்டிய விகாரையில் கூடுபவர்களில் பெரும்பாலோர் சீனர்களாக இருந்தார்கள். விசாக நாளில் அங்கிருந்து புறப்படும் ஊர்வலத்துக்கு நூறாண்டைத் தாண்டிய வயது. பிற மதத்தாரும் தெருவோரம் நின்று பார்க்கிறார்கள். ஒரு சமூகம் தனக்கென்று கட்டியதை இன்னொரு சமூகம் தன்னுடையதாக்கிக்கொள்வது, ஒரே தெருவில் பல தலைமுறை வாழ்ந்தால்தான் நடக்கும்.

போரும் இந்தத் தண்டவாளத்தைத் தேடிக்கொண்டு வந்தது. 1945 மார்ச்சில் நேசநாட்டு விமானங்கள் ரயில்வே வளாகத்தைக் குறிவைத்துப் போட்ட குண்டுகளில், பக்கத்திலிருந்த சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு சிறகு தகர்ந்தது. இன்றைய தேசிய அருங்காட்சியகம் அதே இடத்தில் 1963இல் எழுந்தது.

போர் முடிந்தபின் ஊருக்கு இன்னொரு கூட்டம் வந்தது. அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. 1951இல் பார்வையற்றோர் சங்கம் தொடங்கப்பட்டு, கர்னி பயிற்சி நிலையம் பிரிக்பீல்ட்ஸில் அமைந்தது. நாட்டின் பல பக்கங்களிலிருந்தும் மலாய், சீன, இந்திய இளைஞர்கள் கைத்தொழில் கற்க அங்கே வந்தார்கள்; கற்றவர்களில் பலர் அங்கேயே தங்கினார்கள். ரயிலும் பேருந்தும் கூப்பிடு தூரம், அறை வாடகை தாங்கும் அளவு, தெருவும் பழகிய தெரு. உடம்பு பிடித்துவிடும் நிலையங்களை அவர்களே நடத்துகிறார்கள். வெள்ளைக்கோல் தட்டும் சத்தம் கேட்டால் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துச் சாலை கடத்திவிடுவது இங்கே யாரும் வியக்கும் காட்சி அல்ல. நடைபாதையில் பதித்த மஞ்சள் நிற மேடு ஓடுகள் பின்னால் வந்தவை. அதற்கு முன்பே இந்தத் தெரு அவர்களுக்கு வழிவிடப் பழகியிருந்தது.

ஊரின் முதுகெலும்பாக நீண்டு கிடக்கும் ஜாலான் துன் சம்பந்தன் முன்பு பிரிக்பீல்ட்ஸ் சாலை. மலேசிய இந்தியர் காங்கிரசின் ஐந்தாவது தலைவராகவும் சுதந்திர மலாயாவின் முதல் தலைமுறை அமைச்சராகவும் இருந்த வீ. தி. சம்பந்தன் பெயர் அதற்கு வந்தது. அதற்கு அருகே ஜாலான் பெர்ஹாலாவில் நுண்கலைக் கோவில் இருக்கிறது. சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் பரதமும் வீணையும் மிருதங்கமும் கற்பவர்களில் சீனர்களும் உண்டு. அங்கிருக்கும் அன்னலட்சுமி உணவகம், சாப்பிட்டவர் விரும்பியதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற முறைக்குப் பெயர் பெற்றது. நகரின் மையத்தில் நிலம் இவ்வளவு விலை போகும் காலத்தில் அப்படி ஓர் உணவகம் இருப்பதே பெரிய செய்தி.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. ஜாலான் தெங்கு கிளானாவில் இந்திய முஸ்லிம் பள்ளிவாசலும் 1928இல் கட்டிய லூர்து மாதா ஆலயமும் ஒரே சாலையில் நிற்கின்றன. ஆனால் கிள்ளானைச் செய்தது ரப்பர்த் தோட்டம். சம்பள நாளில் குடும்பங்கள் தோட்டத்திலிருந்து லாரி ஏறி வந்து புடவையும் நகையும் மளிகையும் வாங்கிய தெரு அது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வும் மரியாதையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். தலைவர் ஆர். எச். நாதனைக் கைதுசெய்து நாடு கடத்தினார்கள். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இன்று அந்தக் கடைத்தெருவில் மாலை வாங்குபவர் எத்தனை பேருக்கு அது தெரியுமோ.

பிரிக்பீல்ட்ஸின் திருப்பம் 2001இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் கேஎல் சென்ட்ரல் நிலையம் திறந்தது. பழைய ரயில்வே வளாகம் இருந்த 72 ஏக்கரில் நிலையமும் ஹோட்டல்களும் அலுவலகக் கோபுரங்களும் எழுந்தன. 2003இல் மோனோரெயில் வந்தது. 2010 அக்டோபரில் பிரதமர் நஜிப் துன் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் பிரிக்பீல்ட்ஸை லிட்டில் இந்தியா என்ற பெயரில் திறந்துவைத்தார்கள். வளைவுகளும் வண்ணத் தூண்களும் நீரூற்றும் வந்தன. 2015இல் இந்தியா அன்பளித்த தோரண வாயிலை நரேந்திர மோடி திறந்துவைத்தார். தீபாவளிச் சந்தை களைகட்டுகிறது, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நிற்கிறார்கள். கடைக்காரர்களுக்கு வருமானம் கூடியதை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் லிட்டில் இந்தியா என்ற அந்தப் பெயரில் ஒரு குறை இருக்கிறது. 1916இல் எழுந்த மும்மதக் கோவிலை, சிங்கள விகாரையை, பார்வையற்றோரின் நிலையங்களை, சீனர் காப்பிக்கடையை அது வெளியே நிறுத்துகிறது. எல்லோரும் வாழ்ந்ததால் நேசிக்கப்பட்ட ஊருக்கு ஒரே இனத்தின் தோரணத்தை மாட்டினால், அது காட்சிக்கு அழகு, வரலாற்றுக்குப் பொருந்தாது.

அதைவிடப் பெரிய இழப்பு வீடுகளில் நேர்ந்தது. ரயில்வே தொழிலாளருக்காக 1915ஆம் ஆண்டையொட்டி எழுந்த நூறு குவார்ட்டர்ஸ், ஜாலான் ரொசாரியோ பக்கத்தில் இரண்டடுக்கு வரிசைகளாக நூறாண்டு நின்றது. தமிழரும் மலையாளியும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த அந்த வரிசைகள் 2010களின் நடுவில் இடிக்கப்பட்டன. அங்கிருந்தவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் நாலா பக்கமும் சிதறினார்கள். அதே காலத்தில் விவேகானந்தர் ஆசிரம வளாகத்தில் அடுக்குமாடி கட்டும் யோசனை 2014இல் வெளியானபோது ஊர் எதிர்த்து நின்றது. பிறகு ஆசிரமம் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாப்புப் பெற்றது. கோவிலையும் ஆசிரமத்தையும் காக்க முன்வரும் கைகள் தொழிலாளி வீட்டுக்கு நீள்வதில்லை. அந்த வீடுகளுக்கு பணக் கணக்கில் மதிப்பு உண்டு. சிற்ப அழகு கிடையாது. பிரிக்பீல்ட்ஸைப் பிரிக்பீல்ட்ஸாக்கியது அந்த மலிவான கூரைகளே.

இன்று அதே தெருக்களில் பூக்கட்டுபவர்களும் சமையற்கூடத்தில் நிற்பவர்களும் முடிதிருத்துபவர்களுமாகத் தமிழ்நாட்டிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். ஓர் அறையைப் பலர் பகிர்ந்துகொண்டு தங்குகிறார்கள். குடும்பத்தைக் கூட்டிவர அவர்களுக்கு அனுமதியில்லை. பழைய ரயில்வேத் தொழிலாளிக்குக் காலனி அரசு அடிப்படைத் தேவையாகக் கொடுத்த வீடு, சுதந்திர நாட்டின் நகர மையத்தில் இவர்களுக்குக் கிடையாது; சாதாரணச் சம்பளம் வாங்கும் மலேசியருக்கும் எட்டாது. நிலையத்தைச் சுற்றி இன்னும் எழவிருக்கும் கோபுரங்களில் ஒரு பங்கையாவது தாங்கும் வாடகை வீடுகளாக ஒதுக்கும்படி கோலாலம்பூர் மாநகர மன்றத்திடம் கேட்பது, அடுத்த தோரணம் எந்த வண்ணத்தில் இருக்க வேண்டும் என்ற விவாதத்தைவிட அவசரமானது.