கெராங் ஓட்டிலிருந்து எலும்பு ஒட்டுப்பொருள்: உற்பத்தி முறையும் தரமும்

1. ஆய்வுப் பொருள்

கோல சிலாங்கூர், ஜெராம் கடலோரச் சேற்றில் விளையும் கெராங் என்னும் சிப்பியின் சதை உணவாகிறது. ஓடு குப்பைக்குப் போகிறது. அந்த ஓட்டில் 95 விழுக்காட்டுக்கு மேல் கால்சியம் கார்பனேட் உள்ளது. எலும்பின் கனிமமும் கால்சியச் சேர்மமே. ஆகவே எலும்பில் விழும் இடைவெளியை நிரப்பும் நுண்துளைப் பீங்கானுக்கு இந்த ஓடு மூலப்பொருளாக முடியும். இடைவெளியை நிரப்ப நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்தே துண்டு எடுப்பது வழக்கம். அதனால் இரண்டாவது காயமும் வலியும் சேர்கின்றன. புக்கிட் ரோத்தான், ஈஜோக் வட்டாரத் தோட்டங்களில் உடலுழைப்பை நம்பி வாழ்வோருக்குக் குணமடைவதில் ஒவ்வொரு நாள் தாமதமும் கூலி இழப்பு. நம்பகமான மாற்று அவர்களுக்குத் தேவை. அந்த நம்பகத்தைத் தருவது ஓட்டைக் காட்டிலும் உற்பத்தி முறையே என்பதை இக்கட்டுரை நிறுவுகிறது.

2. மூலப்பொருள்

ஓட்டின் கார்பனேட் அரகோனைட் படிக வடிவில் இருக்கிறது. சுமார் 400 பாகை செல்சியசில் அது கால்சைட்டாக மாறும்; 900 பாகையளவில் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகும். 100 கிராம் கார்பனேட் 56 கிராம் சுண்ணாம்பு தரும். அதை நீற்றி, பாஸ்பாரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்தால் ஹைட்ராக்ஸிஅபடைட் கிடைக்கிறது.

இங்கே கால்சியம், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் 1.67 ஆக இருக்க வேண்டும். அது குறைந்தால், சுடும்போது, உடலில் வேகமாகக் கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட் தோன்றும். கூடினால் சுண்ணாம்பு மிஞ்சும். அது ஈரம் பட்டுப் பருத்துப் பீங்கானைப் பிளக்கும். சேற்றில் வாழும் கெராங் ஈயம், காட்மியம் போன்றவற்றை ஏற்கக்கூடியது. எனவே ஒவ்வொரு தொகுதியையும் சோதித்தே ஆக வேண்டும்.

3. துளை அமைக்கும் முறைகள்

எலும்பு வளர 100 மைக்ரோமீட்டர் துளையாவது வேண்டும். 300க்கு மேல் இருந்தால் இரத்தக் குழாய்களும் நன்கு நுழையும். துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதும் அவசியம்.

அ) பஞ்சு முறை: பாலியூரித்தேன் பஞ்சைப் பீங்கான் குழம்பில் தோய்த்து எரிப்பது. துளைகள் நன்கு இணைகின்றன. ஆனால் பஞ்சு எரிந்த இடம் வெற்றிடமாகிச் சட்டம் குழல்போல் நிற்கிறது, வலிமை குறைகிறது. வேகமாகச் சூடேற்றினால் வெளியேறும் வாயு விரிசல் உண்டாக்கும்.

ஆ) எரிபொடி முறை: மாவுச்சத்துப் பொடியைக் கலந்து எரிப்பது. பொடி குறைவானால் துளைகள் மூடியே நிற்கும். செல்கள் உள்ளே நுழையா.

இ) உறைய வைக்கும் முறை: பனிப் படிகம் வளர்ந்த இடமே துளையாகும். விரைந்து உறைந்தால் துளை குறுகும். மெதுவாக உறைந்தால் அகலும்.

4. சூளை வெப்பம்

1,100 முதல் 1,300 பாகை வரை சுடும்போது துகள்கள் ஒட்டி வலிமை ஏறுகிறது. அதே வேளையில் நுண்துளைகள் மூடுகின்றன. பொருள் கரைவதும் மந்தமாகிறது. ஏறத்தாழ 1,125 பாகையில் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட், எளிதில் கரையும் ஆல்பா வடிவுக்கு மாறத் தொடங்கும். வெப்பம் மேலும் மிகுந்தால் ஹைட்ராக்ஸிஅபடைட்டே சிதையும். பஞ்செலும்பு சுமார் 2 முதல் 12 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கும். துளை பெருகப் பெருக வலிமை செங்குத்தாகச் சரிவதால், அந்த அளவை எட்டுவதே உற்பத்தியாளரின் பெரும் சோதனை.

5. மலேசிய முயற்சிகள்

சிரிம் நிறுவனமும் கூட்டாளி அமைப்புகளும் உள்நாட்டுச் சுண்ணாம்புக் கல்லிலிருந்து கிரானுமாஸ் என்னும் ஹைட்ராக்ஸிஅபடைட் மணிகளை உருவாக்கின. புத்ரா மலேசியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேறு வழியில் சென்றனர்: கெராங் ஓட்டுத் தூளை ஜெலட்டினோடு சேர்த்து உறையவைத்து உலர்த்தி, முயல்களின் எலும்பில் சோதித்தனர். சூளைக்குப் போகாததால் அரகோனைட் வடிவம் காக்கப்படுகிறது. ஆனால் துகள்களைப் பிணைப்பது வெப்பம் அல்ல, ஜெலட்டின். ஆகவே சுட்ட பீங்கானின் அளவுகோலால் அதை அளக்க முடியாது.

6. முடிவுரை

ஒரே கெராங் ஓடு ஒரு சூளையில் எலும்பை வளர்க்கும் பொருளாகலாம். மற்றொன்றில் நொறுங்கும் சுண்ணாம்பாகலாம். எனவே இத்துறை ஆய்வுகள் வேதிக் கலவையை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. சூடேற்றிய வேகம், உச்ச வெப்பம், துளைகளின் இணைப்பு, தாங்கிய அழுத்தம் ஆகிய நான்கையும் சேர்த்தே வெளியிட வேண்டும். வட சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் செல்லும் நம் மாணவர்கள், தங்கள் கடலோரத்தில் கிடக்கும் இப்பொருளைக் கையிலெடுத்து ஆராய முன்வர வேண்டும்.